பழகும்போதும் தன் காலில் நிற்பது எப்படி: துணை தேடுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சேலம் அழகாபுரத்தில் பணிபுரியும் மகளிருக்கான விடுதி ஒன்றை நடத்தி வருகிறேன். செவிலியர், வங்கி ஊழியர், கல்லூரி ஆசிரியை, ஆய்வு மாணவி எனப் பலர் தங்கிச் செல்லும் இடம் என்பதால், ஒருவரோடு பழகத் தொடங்குகிறவர்கள் எந்தப் படியில் தடுக்கி விழுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்க்க முடிந்திருக்கிறது. நானும் என் கணவரும் திருமணத்துக்கு முன் பழகிய காலத்தில் கடைப்பிடித்த வரிசையையும், விடுதியில் கண்டவற்றையும் சேர்த்து இதை எழுதுகிறேன். பெண்களை மனத்தில் வைத்தே எழுதினாலும் பெரும்பாலான படிகள் ஆண்களுக்கும் பொருந்தும். மாறுபடும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

தடுக்கி விழுகிறவர்களில் ஒரு சாரார், முதல் மாதத்திலேயே மாலை நேரம், தோழிகள், சம்பள விவரம், கைப்பேசியின் கடவுச்சொல் என எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு ஆறாம் மாதத்தில் மூச்சு முட்டுகிறது என்பார்கள். மற்றொரு சாரார் எதையும் கேட்காமலும் எதையும் கொடுக்காமலும் இருந்து, வருகிறவரைத் திண்ணையோடு திருப்பி அனுப்பிவிட்டு, தமக்கு யாருமே அமையவில்லை என்பார்கள். எதை முதலில் பகிர்வது, எதைக் கடைசிவரை தள்ளி வைப்பது என்ற வரிசையை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால் இரு சாராருக்கும் வழி கிடைக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் பெயரில் மட்டும் உள்ள ஒரு வங்கிக் கணக்கு, உங்கள் கையிலேயே இருக்கும் அசல் சான்றிதழ்கள், மூன்று மாதச் செலவுக்குப் போதுமான சேமிப்பு, நடப்பதை உள்ளபடி சொல்லக்கூடிய ஒரு தோழி அல்லது தோழர் ஆகியவை தேவை. சம்பளம் அப்பாவின் கணக்குக்குப் போய், சான்றிதழ்கள் வீட்டுப் பீரோவில் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கையில் பணமும் ஆவணமும் இல்லாதவருடைய சம்மதமும் மறுப்பும் வேறு யாரோ ஒருவரின் மனநிலையைப் பொறுத்தே அமையும். சீட்டுக் கட்டி வைத்திருக்கும் பணத்தைச் சேமிப்பாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்; அவசரத்துக்கு அது கைக்கு வராது.

ஆண்களுக்கு இங்கே ஒரு கூடுதல் தேவை உண்டு. நல்ல சம்பளம் வாங்கியும், அம்மாவின் சமையலையும் துவைத்து மடித்த சட்டையையும் நம்பி வாழ்கிறவர் தம்மைச் சுயசார்புள்ளவர் என்று எண்ணிக்கொள்கிறார். ஒரு வாரம் தனியாக வீட்டை நடத்திப் பாருங்கள். முடியவில்லை என்றால், நீங்கள் தேடுவது துணையையா, அம்மா செய்துவந்த வேலைகளுக்கு அடுத்த ஆளையா என்ற கேள்வி இருக்கிறது. எதிரில் வந்து உட்காரும் பெண் அதைக் கேட்காமல் விட மாட்டாள்.

2. விட்டுக்கொடுக்க முடியாதவற்றை எழுதுங்கள்

ஒரு தாளில், உறவுக்காகவும் விடமாட்டேன் என்று நீங்கள் கருதுபவற்றை எழுதுங்கள். நான்குக்கு மேல் போகக்கூடாது. பெரும்பாலானோர் முதலில் இருபது வரிகள் எழுதுவார்கள். அவற்றில் பாதி வெறும் பழக்கங்களாக இருக்கும். காலையில் யாரும் பேசக்கூடாது என்பது பழக்கம். இரவுப் பணி உள்ள செவிலியர் வேலையைத் தொடர்வேன் என்பதும், தம்பியின் படிப்புச் செலவை அவன் முடிக்கும்வரை நானே ஏற்பேன் என்பதும் அடிப்படை.

இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: இதை விட்டுவிட்டால் ஓராண்டு கழித்து நான் யார் மீதாவது கோபமாக இருப்பேனா? ஆம் என்றால் அது தாளில் இருக்கட்டும். நான்கு என்று வரம்பு வைப்பதற்குக் காரணம், இருபது நிபந்தனைகளுக்கு நடுவில் புதிதாக ஒருவர் நுழையவே முடியாது என்பதும், இருபதையும் காக்க முயல்பவர் களைத்துப்போய் முக்கியமான ஒன்றையே முதலில் கைவிடுவார் என்பதும்தான்.

3. ஆசையையும் அதே தாளில் எழுதுங்கள்

தாளின் மறுபக்கத்தில், ஒரு துணையிடம் நீங்கள் எதிர்பார்ப்பவற்றை எழுதுங்கள். சொந்தமாகச் சம்பாதித்துத் தனியாக வாழும் பெண்கள் இந்தப் பக்கத்தை வெறுமையாக விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். துணை வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் இதுவரை ஈட்டியதெல்லாம் பொய்யாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள் போலும். எழுதாமல் விட்ட ஆசை எங்கும் போய்விடுவதில்லை. யாராவது கொஞ்சம் அன்பாகப் பேசியதும் மொத்தமாகக் கிளம்பி வந்து நம் தீர்ப்பைக் குழப்பும்.

எழுதுவதற்கு நாள் பார்த்து எழுதுங்கள். சித்தி மகளின் கல்யாணத்திலிருந்து திரும்பிய இரவிலோ, தை பிறந்ததும் வீட்டில் ஜாதகப் பேச்சு எழும் வாரத்திலோ எழுதினால் உறவினர்களின் அவசரம்தான் தாளில் இறங்கும். வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கும் ஒரு சாதாரண புதன்கிழமை இரவே சரியானது. அன்றைக்கும் ஒருவர் உடன் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றினால் அந்த ஆசை உங்களுடையது. திருமணம் வேண்டுமா, குழந்தை வேண்டுமா, இப்போதைக்குப் பேசிப் பழக மட்டுமா என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள்.

4. தேடும் இடம்

டேட்டிங் செயலி, மேட்ரிமோனி தளம், நண்பர்களின் அறிமுகம் எதுவானாலும் படிகள் ஒன்றே. சேலம் பெரிய ஊர் போலத் தோன்றினாலும், செயலியில் பத்துக் கிலோமீட்டருக்குள் தேடினால் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் தம்பிதான் வருவார். ஈரோடு, நாமக்கல், தர்மபுரி வரை தூரத்தை நீட்டி வையுங்கள். சுயவிவரத்தில் உங்கள் நான்கில் ஒன்றை மட்டும் வெளிப்படையாக எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு ஒதுங்குகிறவர் உங்கள் இரண்டு மாதங்களை மிச்சப்படுத்துகிறார்.

5. முதல் சில சந்திப்புகள்: தானே போய்த் தானே திரும்புதல்

முதல் சந்திப்புகளுக்கு விதி ஒன்றுதான்: பிறர் உதவியில்லாமல் எந்த நிமிடமும் எழுந்து வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் உள்ள காபிக் கடைகள், ஐந்து ரோட்டைச் சுற்றியுள்ள உணவகங்கள், பகல் வேளையில் அண்ணா பூங்கா போன்றவை ஏற்றவை. தட்டுவடை செட் கடை ஓரத்தில் நின்று பேசினாலும் தவறில்லை. அரைமணி நேரத்தில் முடித்துக்கொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது. அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் நடைமுறையில் இருப்பதால், திரும்பி வரும் செலவைக் காரணமாகச் சொல்லவும் வழியில்லை.

ஏற்காடு வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர்களின் முதல் யோசனை பெரும்பாலும் ஏற்காடாகத்தான் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர், அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மாலையில் பனி இறங்கிவிட்டால் மலைப்பாதையில் வண்டி மெதுவாகத்தான் ஊரும். பின்னிருக்கையில் ஏறி மேலே போனவர், பேச்சு பிடிக்கவில்லை என்றாலும் அதே வண்டியில்தான் இறங்க வேண்டியிருக்கும். திரும்பும் வழி எதிராளியின் கையில் இருக்கும்போது யாரும் மனத்தில் பட்டதைச் சொல்வதில்லை, சிரித்துச் சமாளிக்கவே பார்ப்பார்கள். இருவருக்கும் ஓரளவு பழக்கம் ஏற்பட்ட பிறகு, பகலில், தனித்தனியாகப் பேருந்தில் ஏறிப்போய் ஏரிக்கரையில் சந்தித்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னால் எங்கள் விடுதிப் பெண்கள் சிரிக்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

இந்தக் கட்டத்தில் செலவைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அவர், மறுமுறை நான் என்ற ஏற்பாடு அடுத்த சந்திப்பை முன்கூட்டியே கடனாக்கிவிடுகிறது. விடுதி வாசலுக்கோ வீட்டுத் தெரு முனைக்கோ வந்து அழைத்துச் செல்வதாக அவர் சொன்னால் நன்றி கூறி மறுத்துவிடுங்கள். முகவரி ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு அதை மறைக்க வழியில்லை.

6. நிபந்தனையைச் சொல்லும் நேரம்

மூன்றாவது அல்லது நான்காவது சந்திப்பில் தாளில் உள்ள நான்கையும் சொல்லிவிட வேண்டும். முதல் சந்திப்பிலேயே சொன்னால் நேர்காணல் போல ஆகிவிடுகிறது. ஆறு மாதம் கழித்துச் சொன்னாலோ, இத்தனை நாளும் மறைத்ததாக எதிராளி எண்ணுவதில் நியாயம் இருக்கிறது. அதற்குள் பிரியமும் ஊறிவிடுவதால் நீங்களே உங்கள் நிபந்தனையைத் தணித்துப் பேசத் தொடங்கிவிடுவீர்கள்.

விளக்கம், மன்னிப்பு, பின்கதை எதுவும் சேர்க்காமல் சுருக்கமாகச் சொல்லுங்கள். விடுதியில் ஒரு பெண் கையாண்ட வாக்கியங்கள் இவை: "மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம நான் ஆத்தூருக்கு அம்மாகிட்டப் போயிருவேன். அது மாறாதுங்க. மத்த நாளைப் பத்திப் பேசிக்கலாம்." மாறாதது எது, பேசித் தீர்க்கக்கூடியது எது என்ற இரண்டும் அதில் தெளிவாக இருக்கின்றன. அடுத்து, "உங்களுக்கு அப்படி எதுங்க?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை விட்டுவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. தன்னுடைய எல்லையை மட்டும் அறிவித்துவிட்டு வருகிறவர், எதிரில் இருப்பவருக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்.

பதிலில் சம்மதம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. உடனே எல்லாவற்றுக்கும் சரி என்பவர் கவனிக்காமல் இருந்திருக்கலாம். ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டு, ஓரிடத்தில் தமக்குச் சிரமம் இருக்கும் என்று ஒப்புக்கொள்கிறவரோடுதான் பிறகு பேச முடியும். "கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாம் தானா மாறிரும்" என்று சிரிக்கிறவருக்கு இன்னொரு சந்திப்பு தேவையில்லை என்பது என் முடிந்த கருத்து.

7. நேரத்தைப் பங்கிடுதல்

உறவு நிலைத்து வரும்போது முதலில் காணாமல் போவது நேரம். அதனால் முதலில் பகிர வேண்டியதும், முதலில் அளவு வைக்க வேண்டியதும் நேரமே. பணத்தையோ இரகசியத்தையோ போலன்றி, கொடுத்த மாலைப் பொழுதை அடுத்த வாரமே திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்பதால் தவறு செய்தாலும் திருத்திக்கொள்ளலாம்.

வாரத்துக்கு இரண்டு மாலைகள் என்று தொடங்குங்கள். அந்த இரண்டு நாள்களும் எவை என்று முன்பே சொல்லிவிடுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று விட்டுவிட்டால் ஒருவர் எப்போதும் காத்திருப்பார், மற்றவர் எப்போதும் குற்றவாளியாக இருப்பார். தோழிகளோடு இருக்கும் மாலை, உடற்பயிற்சி, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நேரம் ஆகியவற்றையும் நாள்காட்டியில் குறியுங்கள். குறிக்காத நேரம் காலியான நேரமாகவே கருதப்படும், உங்களாலும்கூட.

கைப்பேசியில் தனி ஒழுங்கு தேவை. இரவு பதினொரு மணிக்கு மேல் பேசிக்கொண்டே தூங்கும் பழக்கம் முதல் மாதத்தில் இனிக்கும். பிறகு ஒருநாள் தவறினால் விசாரணை நடக்கும். ஆன்லைனில் இருந்தாயே, ஏன் பதில் இல்லை என்ற கேள்வி முதன்முறை எழும்போதே, வேலை நேரத்தில் பதில் வராது, அதற்குப் பொருள் எதுவும் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். லாஸ்ட் சீன் விவரத்தை மறைத்து வைப்பது தீர்வாகாது. சந்தேகத்தை அது வளர்க்கவே செய்யும்.

அதிகமாகக் காத்துக்கொள்கிறவர்களுக்கு இந்தப் படி வேறு மாதிரி கடினமானது. காய்ச்சலில் அறையில் முடங்கிக் கிடந்தும், பழகுகிறவரிடம் "பிஸியாக இருக்கிறேன்" என்று செய்தி அனுப்பிய பெண்ணை எனக்குத் தெரியும். கஞ்சி வாங்கி வரச் சொல்வதால் யாருடைய சுதந்திரமும் குறைந்துவிடாது. புரூக் ஃபீனி என்ற அமெரிக்க உளவியலாளர் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், தேவைப்படும்போது சார்ந்திருப்பதைத் துணை ஏற்றுக்கொள்ளும் உறவுகளில் உள்ளவர்கள் காலப்போக்கில் தம் காரியங்களைத் தாமே செய்வதில் கூடுதல் துணிவோடு இருந்ததைக் காட்டினார். ஆகவே, வாரம் ஒரு சிறிய உதவியையாவது கேட்டுப் பழகுங்கள். ஜங்ஷனில் விடியற்காலை ரயிலைவிட்டு இறங்கும்போது வந்து நிற்கச் சொல்வது போல ஒன்று. கேட்டதைச் செய்கிறாரா, செய்துவிட்டுச் சொல்லிக்காட்டுகிறாரா என்பதும் அப்போதுதான் தெரியும்.

8. பணம்: மிக மெதுவாக

பொதுச் செலவைப் பிரிப்பதோடு நீண்ட காலத்துக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். சில மாதங்கள் சென்று, இருவர் சம்பளத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், பாதிப் பாதி என்பதை விட்டுச் சம்பள விகிதத்தில் பிரிக்கலாம். கைமாற்றுக் கேட்டால், திரும்ப வராவிட்டாலும் மனம் கசக்காத தொகைவரை மட்டும் கொடுங்கள்.

ஜாமீன் கையெழுத்து போடவே கூடாது. வண்டிக் கடனுக்கு வெறும் சாட்சிக் கையெழுத்து என்று சொல்லிக் கேட்பார்கள். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128 ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. உறவு முறிந்த பிறகும் தவணை உங்களைத் தேடி வரும். நகையை அடகு வைத்துக் கொடுப்பதும் இதே வகைதான். சீட்டில் உங்கள் பெயரில் அவர் சேர்வதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டென்வர் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஸ்டான்லியும் அவர் குழுவினரும் 2006 இல் எழுதிய கட்டுரையில், பலர் தீர்மானித்துச் சேர்வதற்குப் பதிலாக மெல்ல வழுக்கிச் சென்று சேர்ந்துவிடுகிறார்கள் என்றும், பொது வாடகை, பொதுச் செலவு போன்றவை பிறகு விலகுவதைக் கடினமாக்கிவிடுகின்றன என்றும் விளக்கினார்கள். இருவரும் வாய்விட்டு முடிவெடுக்கும் முன்பே பணம் கலந்துவிட்டால், முடிவைப் பணமே எடுத்துவிடும். இந்தப் படியைப் பின்னால் வைத்ததற்கு அதுவே காரணம்.

9. கடவுச்சொல், இருப்பிடம், படங்கள்

கடவுச்சொல் யாருக்கும் இல்லை, கணவருக்கும் தேவையில்லை. இருப்பிடம் பகிர்வதை ஒரு பயணத்துக்கு மட்டும் இயக்கி, போய்ச் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்தரங்கப் படங்களைக் கேட்டால் ஒரே பதில், முடியாது. படத்தை வைத்து மிரட்டினால் உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ தேசியச் சைபர் குற்ற இணையதளத்திலோ புகார் அளியுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தொகையை முடக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

10. வீட்டுக்குச் சொல்லுதல்

இருவரும் ஒரு முடிவுக்கு வந்த பிறகே வீட்டுக்குச் சொல்லுங்கள். முடிவெடுக்கும் முன் சொன்னால், பழகிப் பார்ப்பது என்ற நிலையே இல்லாமல் போய்விடும்; பெரியவர்கள் ஒன்று நாள் குறிப்பார்கள், இல்லையேல் கதவைச் சாத்துவார்கள். இரண்டுமே உங்கள் முடிவை உங்கள் கையிலிருந்து எடுத்துவிடும்.

சாதி வேறாக இருந்தால் இந்தப் படியில் அவசரமே கூடாது. நம் மாவட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் இதற்காக உயிர்கள் போயிருக்கின்றன என்பதை அறியாதவர் எவரும் இல்லை. வீட்டில் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்று நேர்மையாக மதிப்பிடுங்கள். பணம், ஆவணங்கள், தங்குமிடம் ஆகிய மூன்றும் தயாராக இருக்கும்போது மட்டும், ஊரில் ஒருவருக்காவது தெரியப்படுத்திவிட்டு, பேசுங்கள். உச்ச நீதிமன்றம் 2018 இல், விருப்பத் திருமணம் செய்யும் இணையருக்கு மிரட்டல் வந்தால் பாதுகாப்பு அளிக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கவும், பாதுகாப்பு இல்லங்கள் ஏற்படுத்துவதை மாநிலங்கள் பரிசீலிக்கவும் கூறியது. பெண்களுக்கான உதவி எண் 181.

சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்தபின் 30 நாள் காத்திருக்க வேண்டும், அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும், நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்குள்ள அலுவலகத்துக்கும் நகல் போகும். வீட்டுக்குத் தெரியாமலே முடித்துவிடலாம் என்ற கணக்கு இங்கே பொருந்தாது. வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிட்டே தேதியை முடிவு செய்யுங்கள்.

11. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்தல்

பழைய தாளை எடுத்து, நான்கு வரிகளில் எவை இன்னும் நடைமுறையில் இருக்கின்றன என்று பாருங்கள். நீங்களாக விரும்பி மாற்றிக்கொண்டதற்கு ஒரு குறியும், சண்டைக்கு அஞ்சி விட்டதற்கு வேறொரு குறியும் இடுங்கள். இரண்டாவது வகையில் இரண்டு வந்துவிட்டால் உடனே பேச வேண்டும். பேசியும் அடுத்த முறை அப்படியே இருந்தால் விலக வேண்டும். தாளின் மறுபக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். எல்லைகள் அனைத்தும் பத்திரமாக இருந்தும் அந்தப் புதன்கிழமை இரவு இன்னும் தனியாகத்தான் கழிகிறது என்றால், நீங்கள் காவல் காத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

விலகுவதாக இருந்தால் பகலில், பொது இடத்தில், நேரில் சொல்லுங்கள். எதிராளியின் கோபத்துக்கு அஞ்ச வேண்டியிருந்தால் தொலைபேசியே போதும். அவருடைய பொருள்களை அன்றே திருப்பிக் கொடுங்கள். கொடுக்கல் வாங்கல் இருந்தால் தொகையைச் செய்தியாக எழுதி அனுப்பி ஒப்புதல் பெறுங்கள். பிறகு பேசலாம் என்று விட்டுவைக்கும் புத்தகமும் சட்டையும்தான் மீண்டும் மீண்டும் சந்திக்கும் காரணமாகின்றன.

12. வேலை மாற்றம் வந்தால்

சேலத்தில் பழகுகிறவர்களுக்குத் தவறாமல் வரும் கேள்வி, ஒருவருக்குப் பெங்களூரிலோ சென்னையிலோ வேலை கிடைத்தால் என்ன செய்வது என்பது. கடிதம் கைக்கு வந்த பிறகு பேசினால், யாருடைய சம்பளம் பெரிது என்பதே வாதமாகிவிடும். அதற்கு முன்பே பேசி, குறைந்தது ஓராண்டு இருவரும் அவரவர் இடத்தில் இருப்பது என்று ஒப்புக்கொள்ளுங்கள். பெங்களூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். வார இறுதியில் ஒருமுறை அவர் இறங்கி வரலாம், மறுமுறை நீங்கள் போகலாம். சென்னைக்கு இரவில் ஏறிக் காலையில் இறங்க ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தொடர்ந்து ஒருவரே பயணம் செய்வதாக அமைந்தால், டிக்கெட் செலவைப் பிரிப்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். வேலையை விட்டுவிட்டு உடன் செல்வதாக யாராவது முடிவெடுத்தால், புதிய ஊரில் அவருடைய சேமிப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்கிட்டுப் பார்த்த பிறகே பணிவிலகல் கடிதம் கொடுக்க வேண்டும்.